ஒரே ஒரு 'வேண்டாம்'

போன வாரம் சின்னவளை மேடையில் நிற்கவைத்துவிட்டு நாம் பாட்டுக்கு எழுந்து வந்துவிட்டோம். பாவம், அதற்குப் பிறகு அவளுக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை.

விட்ட இடம் உங்களுக்கு நினைவிருக்கும். நகரத்தின் பெரிய ஆர்கெஸ்ட்ராவில் வயோலா வாசிக்க ஒரு இடம் காலி. வயோலா என்பது வயலினுக்கு அண்ணன் முறை. உருவமும் கொஞ்சம் பெரிது, குரலும் கொஞ்சம் கனம். தேர்வு திரைக்குப் பின்னால் நடந்தது. யார் வாசிக்கிறார்கள் என்று குழுவுக்குத் தெரியக் கூடாது. குதிகால் சத்தத்தை வைத்து ஆணா பெண்ணா என்று கண்டுபிடித்துவிடுவார்களாம். அதனால் செருப்பைக் கழற்றச் சொல்லி, கம்பளம் விரித்து, வாயைத் திறக்கவே கூடாது என்று கட்டளையும் போட்டிருந்தார்கள். குழுவினர் சீட்டு எழுதிப் பெட்டியில் போட்ட பிறகுதான் திரை விலகியது.

விலகியதும் தெரிந்தது ஒரு கறுத்த முகம். அந்த ஆர்கெஸ்ட்ரா தொடங்கிய நாளிலிருந்து அதன் நாற்காலிகளில் அப்படி ஒரு முகம் உட்கார்ந்ததில்லை. குழுவினரின் முகத்தில் தயாராக வைத்திருந்த புன்னகை அப்படியே உறைந்துபோனதைச் சின்னவள் பார்த்தாள்.

"எல்லாரும் 'வேண்டும்'னு எழுதியிருக்காங்க. ஒருத்தரைத் தவிர," என்றார் குழுத் தலைவர்.

எல்லோரும் ஒத்துக்கொண்டால் அன்றைக்கே வேலை. ஒரே ஒரு 'வேண்டாம்' விழுந்தாலும் மறுநாள் திரை இல்லாமல் இன்னொரு சுற்று. அதுதான் விதி.

அந்தக் குழுவில், பென்சிலை உருட்டிக்கொண்டு, சின்னவளை ஜென்மத்தில் பார்த்ததே இல்லை என்பதுபோல் உட்கார்ந்திருந்தவள் பெரியவள். கூடப் பிறந்த அக்கா.

இந்தக் கதைக்குள் இன்றைக்குத்தான் நுழைகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. இவர்களின் அப்பா வெள்ளைத்தோல்காரர், அம்மா கறுப்பு. பெரியவள் அப்பாவை அப்படியே உரித்துவைத்தவள். சின்னவள் அம்மாவை. அப்பா போன பிறகு பெரியவள் அவருடைய ஆட்களிலேயே ஒருவரைக் கட்டிக்கொண்டு, குடும்பப் பெயரையும் மாற்றிக்கொண்டு, இந்த ஆர்கெஸ்ட்ராவில் புல்லாங்குழல் வாசிக்கச் சேர்ந்தாள். கேட்டவர்களிடம் தனக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை என்றாள். அம்மா இறந்துவிட்டாள் என்றும் சொல்லிவைத்திருக்கிறாள்.

இறந்துபோன அம்மா இன்று காலை தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து, சின்னவளின் கறுப்புச் சட்டையில் வலது அக்குள் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். வில் பிடிக்கிற கை முழுதாக நீள வேண்டும். அக்குளில் ஒரு விரல்கடை துணி கூடுதலாக விட்டால்தான் தோள் பிடிக்காது. கடைச் சட்டைக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? தைத்து முடித்துச் சின்னவளுக்கு மாட்டிவிட்டாள்.

"கையத் தூக்கு. வாசிக்கிற மாதிரி இழுத்துக் காட்டு. பிடிக்குதா?"

"இல்லம்மா."

"அப்புறம் ஏன் மூஞ்சிய அப்படி வெச்சிருக்கே?"

"அந்த ஒருத்தர் யாருன்னு யோசிக்கிறேன்."

"யாருக்கோ உன் வாசிப்புப் பிடிக்கல. விடேன். என் தையலையே நொட்டை சொல்றவங்க இருக்காங்க."

"மூஞ்சியப் பாத்துட்டு வேண்டாம்னு எழுதியிருந்தா நான் யோசிக்கவே மாட்டேன். அதான் வழக்கமா நடக்கிறதாச்சே. ஆனா எழுதறப்போ திரை இருந்துச்சும்மா. திரைக்குப் பின்னால இருக்கறது நான்னு தெரிஞ்ச யாரோதான் எழுதியிருக்கணும்."

அம்மா பல்லில் கடித்திருந்த ஊசியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். எதையோ சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கும்போது அவள் அப்படித்தான் செய்வாள்.

"பெரியவ நேத்து சாயங்காலம் போன் பண்ணினா."

சின்னவளின் கை தூக்கியபடியே நின்றுவிட்டது.

"அவளா? என்ன வேணுமாம்?"

"ஒண்ணும் வேணாம். சின்னவ எப்படி இருக்கா, ஒழுங்கா சாப்பிடறாளான்னு கேட்டா."

"நான் ஆஸ்பத்திரியில கிடந்தப்போ எட்டிப் பாக்காதவ, இப்போ என் சாப்பாட்டை விசாரிக்கிறாளா?"

"பாசம் இருக்காதா?"

"இத்தனை வருஷம் எங்கம்மா போச்சு அந்தப் பாசம்? நேத்து சாயங்காலம் மட்டும் பொத்துக்கிட்டு வந்துச்சா?"

அம்மாவுக்குச் சுருக்கென்றது. "அவள அப்படிப் பேசாதே. நான் செத்துட்டேன்னு சொல்லிவெச்சிருக்கா, சொல்லிட்டுப் போகட்டும், எனக்கு ஆயுசு கூடும். ஆனா உன் சோத்துல மண்ணு போட மாட்டா. என் வயித்துல பிறந்தவ அவ. அதுவும் திரை போட்டு மறைச்சிருந்தாங்கன்னு நீயே சொல்றே. உள்ள இருக்கறது நீதான்னு அவளுக்கு மட்டும் எப்படித் தெரியும்? அவ என்ன மந்திரவாதியா?"

சின்னவள் சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு, வயோலாப் பெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

பதில் பேருந்தில் கிடைத்தது.

ஜன்னலோரம் உட்கார்ந்து, இன்று வாசிக்க வேண்டிய பகுதியை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். முதல் சுரத்துக்கு முன்னால் அவள் மூக்கு தானாக ஒரு மூச்சை இழுத்தது. விசுக்கென்று, சின்னதாக. பக்கத்தில் இருந்தவர் இவளுக்குச் சளி என்று நினைத்துக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

வயோலா வாசிக்க மூச்சு எதற்கு? ஊதுகிற வாத்தியக்காரர்களுக்குத்தான் அது வேண்டும். ஆனால் சின்ன வயதில் ஒரே அறையில், ஒரே ஸ்டாண்டில் தாளை வைத்துக்கொண்டு, இவள் வயோலாவும் அவள் புல்லாங்குழலுமாக வாசித்த காலத்தில், எப்போது தொடங்குவது என்பதற்கு இவர்களுக்கு இருந்த ஒரே அடையாளம் அக்காவின் மூச்சுதான். அக்கா மூச்சிழுத்தால் இவளும் இழுப்பாள். இரண்டு பேரும் ஒன்றாக இறங்குவார்கள். அக்கா வீட்டை விட்டுப் போன பிறகும் அந்த மூச்சு இவளிடமே தங்கிவிட்டது.

நேற்று செருப்பைக் கழற்றினாள். வாயைத் திறக்கவில்லை. தும்மல் வந்ததைக்கூட அடக்கினாள். ஆனால் வில்லை வைப்பதற்கு முன்னால், கம்பளமும் திரையும் அமைதியுமாக இருந்த அந்த அரங்கத்தில், அக்காவின் மூச்சை அக்காவுக்கே கேட்கும்படி இழுத்திருக்கிறாள்!

அக்காவாக இருக்கக் கூடாது என்று ஒரு மனசும், அக்காதான் என்று இன்னொரு மனசும் இறங்க வேண்டிய நிறுத்தம் வரைக்கும் சண்டை போட்டுக்கொண்டு வந்தன.

அரங்கத்தின் பக்கவாட்டுக் கதவில் காவலாளி அவளை நிறுத்தினார். அவளுக்கு முன்னால் ஒரு இளைஞன் ஆளுயர வாத்தியமான செல்லோவைத் தூக்கிக்கொண்டு, போனில் பேசியபடியே உள்ளே போனான். அவனை அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பெட்டியத் திறந்து காட்டுங்க."

திறந்தாள்.

"இது உங்களுதா?"

"வேற யாருதுன்னு நினைக்கிறீங்க?"

"கேக்கறது என் வேலைம்மா. கோவிச்சுக்காதீங்க."

கோபப்படவில்லை. கோபப்பட்டால் கை நடுங்கும், நடுங்கினால் வில் குதிக்கும். இதையெல்லாம் அவள் எப்போதோ கணக்குப் போட்டுவைத்துவிட்டாள். பெட்டியை மூடிக்கொண்டு உள்ளே போனாள். ஆனால் சந்தேகம் என்பது இருக்கிறதே, ஒரு இடத்தில் நிற்காது. நேற்று இவளை மேடைக்கு அழைத்துப்போன பெண் குழுவிடம் எதையாவது கிசுகிசுத்திருப்பாளோ? இந்தக் காவலாளியே சொல்லியிருப்பாரோ? நடைபாதையில் எதிரே வந்து தலையசைத்த முன்பின் தெரியாத ஒருவரைக்கூட, இவராக இருக்குமோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

டீ மெஷின் பக்கத்தில் பெரியவள் நின்றிருந்தாள். காகிதக் கோப்பை கையில். சின்னவளைப் பார்த்ததும் டீயை அப்படியே வைத்துவிட்டுப் பின்பக்க மாடிப்படிக் கதவைத் தள்ளிக்கொண்டு போனாள். வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

சின்னவள் பின்னாலேயே போனாள்.

படிக்கட்டில் யாரும் இல்லை. உடைந்த நோட்டு ஸ்டாண்டுகளைச் சுவரோரம் சாய்த்துவைத்திருந்தார்கள்.

"இங்க எதுக்கு வந்தே குட்டி?" என்றாள் பெரியவள், குரலைத் தாழ்த்தி.

"வேலைக்கு வந்தேன். உனக்கு மட்டும்தான் வயிறு இருக்கா?"

"ஊர்ல வேற ஆர்கெஸ்ட்ராவே இல்லையா?"

"வயோலாவுக்கு இடம் இங்கதான் காலியாச்சு. அஞ்சு வருஷமா கல்யாண ஹால்லயும் ஹோட்டல்லயும் வாசிக்கிறேன்க்கா. சாப்பிடறவங்களுக்கு நடுவுல. ஒருத்தர் என்கிட்ட தட்டை நீட்டினார், எடுத்துட்டுப் போன்னு. இந்த ஒரு இடம் கிடைச்சா நான் நாற்காலியில உக்காந்து வாசிப்பேன். அதுக்காகத்தான் வந்தேன்."

பெரியவள் சுவரோரம் சரிந்திருந்த ஒரு ஸ்டாண்டை நிமிர்த்தி வைத்தாள்.

"நேத்து நான்னு உனக்குத் தெரிஞ்சுதா, இல்லையா?"

"திரை விலகினப்போதான் தெரிஞ்சுது."

"அதுக்கு முன்னால?"

"திரை இருந்துச்சே!"

"மூச்சு?"

அந்த ஒரு வார்த்தைக்குப் பெரியவளின் கண் ஒரு கணம் கீழே இறங்கியது. இறங்கியது, உடனே ஏறிவிட்டது. எனக்கும் உங்களுக்கும் அது போதும். ஆனால் கூடப் பிறந்தவளுக்கு அது போதவில்லை; அவள் வாயால் கேட்க வேண்டியிருந்தது.

"அக்கா, அந்த 'வேண்டாம்' நீயா?"

"பைத்தியமா உனக்கு? நான் 'வேண்டும்'னுதான் எழுதினேன். அம்மா மேல சத்தியமா."

"எந்த அம்மா? செத்துப்போன அம்மாவா?"

பெரியவளின் முகம் சிவந்தது. சிவக்கிற தோல் அவளுக்கு. சின்னவளுக்கு அந்த வசதி இல்லை.

"நீ என்ன வேணாலும் சொல்லு. ஆனா ஒண்ண யோசிச்சியா? நீ தினமும் இந்தக் கட்டடத்துக்குள்ள வருவே. நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு. ஒரே சிரிப்பு. எத்தனை நாளைக்கு யாருக்கும் தெரியாம இருக்கும்? தெரிஞ்சா இத்தனை வருஷம் பொய் சொன்னவன்னு என்னைத் தூக்கி எறிஞ்சிடுவாங்க. வீட்டுல அவருக்கே தெரியாது. எனக்குப் பயமா இருக்கு குட்டி. நிஜமாவே பயமா இருக்கு."

இத்தனை வருஷத்தில் அக்கா சின்னவளிடம் மனசைத் திறந்தது இதுதான் முதல்முறை. இவ்வளவு பயப்படுகிறவள் வேண்டாம் என்று எழுதியிருப்பாள் என்று தோன்றியது. இவ்வளவு பயத்தையும் சொல்லிவிடுகிறவள் பொய் சொல்ல மாட்டாள் என்றும் தோன்றியது.

மேலே கதவு திறந்தது. ஹார்ன் என்கிற பித்தளைக் குழலை வாசிப்பவர் இறங்கி வந்தார். அவரும் குழுவில் ஒருவர்தான். மீசைக்காரர்.

பெரியவளின் குரல் நொடியில் மாறியது. ஊரார் குரல்.

"கழிவறைதானே? இடது பக்கம் போங்க. கடைசிக் கதவு."

சின்னவள் ஒரு கணம் நின்றாள். பிறகு, "நன்றிங்க," என்று சொல்லிவிட்டு, தேவையே இல்லாத கழிவறையைப் பார்த்து நடந்தாள். ஹார்ன்காரர் இவள் மூக்கைப் பார்த்தார். அவள் மூக்கையும் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் மீசையைத் தடவிக்கொண்டு கீழே போனார்.

திரை இல்லாத மேடை நேற்றைவிடப் பெரிதாகத் தெரிந்தது. கீழே நீள மேஜை, அதன் பின்னால் குழு. பெரியவள் ஓரத்தில். மறுபடியும் அதே பென்சில்.

சின்னவள் நேற்று வாசித்ததையே வாசித்தாள். மெதுவான பகுதி, பிறகு வேகமான பகுதி. அதே வேகம், அதே வில், அதே விரல். நன்றாகவே வந்தது என்று அவளுக்குத் தெரியும். வாசிக்கிறவர்களுக்கு அது தெரியாமல் இருக்காது.

வயோலா வரிசையின் தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "நேத்து கேட்டப்போ அந்த மெதுவான பகுதி பட்டு மாதிரி இருந்துச்சு. இன்னிக்கு என்னவோ கொஞ்சம் முரடாத் தெரியுது."

"தாளம் பிரமாதம்," என்றார் அவளுக்குப் பக்கத்தில் இருந்தவர், பெரிய மனசு பண்ணி. "அது உங்க ஜனங்களுக்கு ரத்தத்துலயே ஊறினதாச்சே. ஆனா இங்க குழைஞ்சு போகணும். பத்து பேரோட சத்தத்துல உங்க சத்தம் தனியாத் தெரியக் கூடாது."

நேற்று தனியாகத் தெரியாத சத்தம், முகம் தெரிந்ததும் தனியாகத் தெரிகிறது. கண்ணைத் திறந்தால் காது கெட்டுப்போகிற வியாதி போலிருக்கிறது.

"ரத்தத்துல ஊறலைங்க," என்றாள் சின்னவள். "தினமும் ஆறு மணி நேரம் தாளம் தட்டுற மெட்ரோனோம் போட்டுப் பழகினேன்."

யாரோ இருமினார்கள். தலைவர் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஹார்ன்காரர் முன்னால் சாய்ந்தார்.

"விதியில ஒண்ணு இருக்கு. தேர்வுக்கு வர்றவங்களுக்குக் குழுவுல சொந்தக்காரங்க இருந்தா, அந்தச் சொந்தக்காரர் ஓட்டு செல்லாது. உங்களுக்கு அப்படி யாராவது இருக்காங்களா?"

"இப்போ எதுக்கு இந்தக் கேள்வி?" என்றார் தலைவர்.

"சும்மாதான். விதின்னு இருந்தா கேக்கணும் இல்லையா?"

போன வருஷம் டிரம்பெட்காரரின் மருமகனைச் சேர்த்தபோது இதே குழுவில் மாமனார் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு இந்த விதி யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அது கிடக்கட்டும்.

சின்னவள் வயோலாவை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் மண்டைக்குள் ஓடியதை நான் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஆமாம், அதோ உட்கார்ந்திருக்கிறாள் என் அக்கா என்று சொன்னால் அக்காவின் ஓட்டு செல்லாது. தன் சந்தேகம் சரியாக இருந்தால் அந்த ஒரே ஒரு 'வேண்டாம்' அதோடு போயிற்று. நேற்று விழுந்த மற்ற எல்லாம் 'வேண்டும்'; இன்றைய சுற்றே தேவையில்லை. வேலை இந்த நிமிஷமே கையில். ஆனால் சந்தேகம் தப்பாக இருந்தால்? அக்கா சத்தியம் பண்ணியது நிஜமாக இருந்தால்? 'வேண்டாம்' அப்படியே இருக்கும். அக்கா மட்டும் தெருவுக்கு வந்துவிடுவாள்.

பெரியவளைப் பார்த்தாள். பெரியவள் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பென்சில் பிடித்த விரல் வெளுத்திருந்தது. எனக்குப் பயமா இருக்கு குட்டி என்று படிக்கட்டில் சொன்ன முகம் அது.

நம்பிவிடலாம் என்று சின்னவள் முடிவு செய்தாள். காலையிலிருந்து ஊரையெல்லாம் சந்தேகப்பட்டு அவளுக்கே அலுத்துப்போயிருந்தது.

"இல்லைங்க. இங்க எனக்குச் சொந்தம்னு யாரும் இல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க," என்றார் ஹார்ன்காரர்.

"யோசிச்சுட்டேன். யாரும் இல்ல."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பெரியவள் எழுந்து நின்றிருந்தாள்.

"அவ பொய் சொல்றா."

எல்லோரும் திரும்பினார்கள். உட்காரு, உட்காருக்கா என்று சின்னவள் கண்ணாலேயே கெஞ்சினாள். பெரியவள் அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

"எனக்காகப் பொய் சொல்றா. நான் அவளோட அக்கா. ஒரே அப்பா, ஒரே அம்மா. எங்கம்மா சாகலை. இந்த ஊர்லதான் இருக்காங்க. தையல் தைக்கிறாங்க."

வயோலா தலைவி கண்ணாடியை அவசரமாக மாட்டிக்கொண்டு பெரியவளைப் பார்த்தாள். நேற்றுவரை பக்கத்தில் உட்கார்ந்து பிஸ்கட் பகிர்ந்துகொண்டவளை, இப்போதுதான் முதல்முறையாகப் பார்ப்பதுபோல் நெற்றியிலிருந்து மோவாய் வரைக்கும் பார்த்தாள். தன் நாற்காலியையும் கொஞ்சம் நகர்த்திக்கொண்டாள்.

"உங்க ஓட்டு செல்லாமப் போயிடும், தெரியும் இல்ல?" என்றார் தலைவர்.

"அதுக்காகத்தான் எழுந்தேன்." பெரியவள் பென்சிலை மேஜையில் வைத்தாள். "என் சீட்டை எடுத்துட்டுப் பெட்டியில மிச்சத்தை எண்ணிப் பாருங்க. எல்லாமே 'வேண்டும்'னுதான் இருக்கும். அந்த ஒரு 'வேண்டாம்' என்னுது. அவ மூச்சு இழுத்தப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, எங்க குட்டிதான்னு. தெரிஞ்சேதான் எழுதினேன்."

அம்மா மேல் பண்ணிய சத்தியம் சின்னவளின் காதில் மறுபடி ஒலித்தது. அக்கா என்று ஊர் அறியக் கூப்பிடும் நாளுக்காக அவள் ஏங்காத வருஷம் இல்லை. அந்த நாள் வந்தேவிட்டது. வந்த வேகத்தில் நெஞ்சில் மிதித்துவிட்டது. அழுகை வந்தது, அடக்கிக்கொண்டாள். வயோலாவின் மேல் கண்ணீர் பட்டால் வார்னிஷ் போய்விடும்.

தலைவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கெட்டவரில்லை, ஆனால் விதியைத் தவிர வேறெதையும் பிடித்துக்கொள்ளத் தெரியாதவர்.

"நீங்க சொந்தமே இல்லன்னீங்க," என்றார் சின்னவளிடம். "ரெண்டு தடவை சொன்னீங்க. இவங்க அக்காங்கறாங்க. இவங்க சொல்றது நிஜம்னா, அந்த 'வேண்டாம்' செல்லாது. ஆனா எங்க முன்னால நின்னு பொய் சொன்னது நீங்கன்னு ஆகும். பொய் சொல்றவங்களை எங்க வரிசையில உக்கார வைக்கலாமா வேண்டாமான்னு நாங்க அப்புறம் பேசணும். முதல்ல நீங்க சொல்லுங்க. இவங்க சொல்றது நிஜமா?"

பெரியவள் அப்போதுதான் நிமிர்ந்து தங்கையைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் மன்னிப்பு கேட்கும் துணிச்சல்கூட இல்லை.

சின்னவள் வில்லைக் கீழே இறக்கினாள்.

"நிஜம்தாங்க," என்றாள். "காலையிலேருந்து எங்க அக்கா வாயில வந்ததுல இது ஒண்ணுதான் முழு நிஜம்."